ஏழாம் அத்தியாயம்: நாரி நோவும் ஆழ உருவலும்

“நல்லா அமத்துங்கோ தம்பி, நோகட்டும். நொந்தால்தான் விடும்.”

பாயில் குப்புறப் படுத்தவுடன் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நட்டு நாரி போன அக்காவும் இதைத்தான் சொல்லுவார். குருநகரில் வள்ளம் அலையில் எழும்பி எழும்பி விழ, முதுகு இறுகிப்போன அண்ணையும் இதைத்தான் சொல்லுவார். இந்த அத்தியாயம் அந்த நம்பிக்கையோடு வழக்காடுகிறது. ஆழமாக உருவுவது வேறு, பலமாக அமத்துவது வேறு. தசை எவ்வளவு உள்ளே விடுகிறதோ அவ்வளவுதான் ஆழம். விடாத இடத்தில் வற்புறுத்தி நுழைந்தால் கண்டல்தான் மிஞ்சும்.

இதை நான் ஒருவரை நோகடித்துத்தான் கற்றேன். தொழில் பழகிய முதல் வருடத்தில், அறுபது தாண்டிய ஓர் அம்மா பிடரி உளைவென்று வந்தார். அமத்தச் சொன்னார், அமத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், ஒரு சத்தம் இல்லை. அடுத்த நாள் மகள் அவரைக் கூட்டிவந்து காட்டினாள். இரண்டு தோளிலும் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். இதய வருத்தத்துக்கு நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் கேட்கவே இல்லை. “உங்களில பிழை இல்லைத் தம்பி, நான்தானே அமத்தச் சொன்னனான்” என்று அவர் என்னைத் தேற்றினார். அந்தத் தேற்றுதல்தான் இன்றைக்கும் எனக்கு நோகிறது. நோவைப் பொறுத்துக்கொள்வதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் நமது கையை நம்பி வந்து படுக்கிறார்கள். அவர்கள் வாயால் “போதும்” என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும்.

நோவுக்கு என்ன பெயர் சொல்கிறார்?

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் நோவை நாட்பட்ட நோவு என்கிறது மருத்துவம். இந்தக் காலக்கணக்குக்குக் காரணம் உண்டு. கிழிந்த தசையும் சுளுக்கிய நாரும் பொதுவாக அந்த இடைவெளிக்குள் ஆறிவிடும். அதற்குப் பிறகும் நோகிறதென்றால், பெரும்பாலும் காயம் போய்விட்டது, காவல் போகவில்லை என்று அர்த்தம். ஆபத்து இன்னும் இருக்கிறது என்று எண்ணித் தசை இறுகி நிற்கிறது. நரம்புகள் சின்ன அசைவையும் பெரிய செய்தியாக மூளைக்குச் சொல்கின்றன. அதற்கு மேல், நோவைத் தந்த அதே வேலை நாளை விடியவும் காத்திருக்கிறது.

கை வைக்குமுன் அவர் தன் நோவுக்கு என்ன சொல் சொல்கிறார் என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்குச் சொற்கள் தாராளம். அவற்றைக் கவனித்துக் கேட்பவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

உளைவு என்றால், நாள் முழுக்கக் குனிந்தவருக்குப் பின்னேரம் வருவது. படுத்தால் கொஞ்சம் இறங்கும், யாராவது பிடித்துவிட்டால் சுகமாயிருக்கும், எது இடமென்று விரலால் சுட்டிக்காட்ட முடியாமல் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார். இது தசையின் நோ. இந்த அத்தியாயம் இதற்காகத்தான் எழுதப்படுகிறது. பிடிப்பு என்றால் அது எப்போது வந்தது என்று கேளுங்கள். நேற்றோ முந்தநாளோ வந்த நாரிப்பிடிப்பில் ஆழ உருவவே வேண்டாம். ஒத்தணமும் மெல்லிய நடையும் போதும், ஒரு கிழமை பொறுங்கள். விறைப்பு, எரிவு, “கரண்ட் அடிச்ச மாதிரி காலுக்குள்ள இறங்குது” என்ற சொற்கள் வந்தால் அது நரம்பின் பேச்சு. வைத்தியர் பார்க்குமுன் உருவக் கூடாது. நீரிழிவுக்காரரின் பாதம் எரிவதும் விறைப்பதும் இதே வகைதான். உணர்ச்சி குறைந்த இடத்தில் நாம் எவ்வளவு அமத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது.

நாரி நோவோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் துவண்டாலோ அன்றைக்கே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது. காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் வந்த சரித்திரம், படுத்தாலும் குறையாத இராநோ, விழுந்தபின் வந்த நோ ஆகிய எதுவும் உருவலுக்குரியதல்ல.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு இறுகி, நோ இடது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவி, வேர்த்துக் கொட்டுகிற மனிதரை “வாய்வு பிடிச்சிட்டுது, எண்ணெய் போட்டு உருவி விடு” என்று படுக்க வைக்கும் பழக்கம் நமது வீடுகளில் இன்னும் இருக்கிறது. எண்ணெய் சூடாகும் நேரத்தில் உயிர் போகலாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு கேட்பதில்லை.

உருவலால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

சித்த மருத்துவம் புறமருத்துவத்தை முப்பத்திரண்டு வகையாகச் சொல்லும். அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதற்குள் ஒன்பது. விடுதிகளில் ‘டீப் டிஷ்யூ மசாஜ்’ என்ற பெயரில் விலைப்பட்டியலில் இருப்பதன் பெரும்பகுதி இவற்றில் அழுத்தல், பிடித்தல், இழுத்தல் என்ற மூன்றுக்குள் அடங்கும். புதிய முறை கூட்டியது உடற்கூற்று அறிவை. எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதன்கீழ் எது கிடக்கிறது என்று தெரிந்து கை வைப்பது. அந்த அறிவும் தமிழுக்கு இந்த மண்ணில்தான் விரிவாக வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் 1872இல் வந்தது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ‘பரராசசேகரம்’ போன்ற யாழ்ப்பாணத்து வைத்திய ஏடுகளை அச்சேற்றியது அடுத்த நூற்றாண்டில். உருவுகிறவர் இந்த இரண்டு வழிக்கும் கடன்பட்டவர். ஒன்றை வைத்து மற்றதை இகழ்வது எனக்கு உடன்பாடில்லை.

அதே நேரம் உருவலைப் பற்றி அளவுக்கு மீறிச் சொல்லப்படுவதை நம்பாதீர்கள். “கெட்ட அமிலம் வெளியேறுது” என்பார்கள். வேலை செய்த தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடல் ஓய்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் தானே அகற்றிவிடும், உங்கள் கைக்காக அது காத்திருப்பதில்லை. “முடிச்சை உடைக்கிறம்” என்பார்கள். உடைக்க அங்கே முடிச்சு ஒன்றும் கட்டிக் கிடக்கவில்லை. தொடையின் வெளிப்புறத்திலும் உள்ளங்காலிலும் உள்ள தடித்த உறைகளை நீட்ட மனிதக் கையின் பலம் போதாது என்று 2008இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கை செய்வது வேறு வேலை. பொறுமையான, சீரான அழுத்தம் நரம்பு மண்டலத்துக்கு “இந்த இடத்தில் ஆபத்தில்லை” என்று சொல்கிறது. காவல் தளர்கிறது, தசை இளகுகிறது. ஆகவேதான் அவசரமும் முரட்டுத்தனமும் காரியத்தைக் கெடுக்கின்றன. ஆபத்தில்லை என்று சொல்லப் போன கையே ஆபத்தாகிவிடுகிறது.

2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு நாரி நோவுக்கான உருவல் ஆய்வுகள் 25ஐ, மொத்தம் 3,096 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு ஆறுதல் தெரிகிறது, நீண்ட காலத்துக்கு அது நிற்கவில்லை, ஆய்வுகளின் தரமும் திருப்தியில்லை என்பது முடிவு. அதிகம் பதிவான தீங்கு, நோ கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட நாரி நோ வழிகாட்டலில் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் சொல்வது ஆகியவற்றோடு உருவலுக்கும் இடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்கு விளங்குவது இது. தோட்டத்தில் தண்ணி மாறுகிறவர் மண்ணை வெட்டி மடையைத் திறக்கிறார். மடை திறந்ததால் மட்டும் பயிர் நனையாது, கிணற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். உருவல் மடை திறப்பது. அடுத்து வரும் நடையும் பயிற்சியும் வேலைமுறை மாற்றமும்தான் தண்ணீர். மடையை மட்டும் கிழமைக்குக் கிழமை காசு கொடுத்துத் திறந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

படுக்கையும் எண்ணெயும்

பஞ்சு மெத்தை வேண்டாம். அமத்த அமத்த உடம்பு கீழே போகும், அழுத்தம் மெத்தைக்குப் போய்விடும். தரையில் பாய், அதன்மேல் மடித்த போர்வை. வாங்கு இருந்தால் அகலமானதாக, நீங்கள் நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்மொழி தொடுகிற உயரத்தில் இருக்கட்டும். வயிற்றின்கீழ் மெல்லிய தலையணை ஒன்று, கணுக்காலின்கீழ் சுருட்டிய துவாய் ஒன்று. இவை இரண்டும் இல்லாமல் குப்புறப் படுத்தால் நாரி உள்வளைந்து, தளர வேண்டிய தசை படுக்கையிலேயே இறுகிவிடும்.

மாரியில், வாடைக்காற்று வீசும் நாட்களில் முதலில் ஒத்தணம் கொடுங்கள். தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் பொட்டளியாகக் கட்டி, உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால்தான் அவருக்கு வைக்கலாம். நொச்சி இலை கிடைத்தால் அதையும் வதக்கிச் சேர்க்கலாம், அந்த மணத்துக்கே பலருக்கு மூச்சு ஆறும். பத்து நிமிடம் போதும்.

எண்ணெயில்தான் நம்மவர்கள் பிழை விடுகிறார்கள். எண்ணெய் முழுக்குக்கு வார்ப்பதுபோல் வார்த்தால் கை வழுக்கி ஓடும், ஆழம் கிடைக்காது. முழு நாரிக்கும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். சித்த வைத்தியர் தைலம் தந்திருந்தால் அதே அளவு. கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள், நேரே அடுப்பில் வைக்காதீர்கள். காரமான தைலங்களை ஆழ உருவலுக்கு நான் பாவிப்பதில்லை. அவை தோலை எரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவருக்கும் மறைத்துவிடும். உருவி முடிந்தபின் பூச வேண்டுமென்றால் பூசட்டும்.

நாரி

முள்ளந்தண்டின் இருபுறமும் அடியிலிருந்து தலைவரை ஓடும் தசைகள்தான் நம்மை நிமிர்த்தி வைப்பவை. குனிந்து வெங்காயம் நடுகிறவருக்கும் புல்லுப் பிடுங்குகிறவருக்கும் இவை மணிக்கணக்காக இழுபட்டபடி பாரம் தாங்குகின்றன. உருவ வேண்டியது இந்தத் தசைகளை. நடுவில் துருத்தும் எலும்பின்மேல் ஒருபோதும் அமத்தக் கூடாது. எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளியே உங்கள் பாதை தொடங்குகிறது.

முதல் ஐந்து நிமிடம் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மேலோட்டமாக, நாரியிலிருந்து தோள்வரை போய்ப் பக்கங்களால் இறங்குங்கள். இது கைக்கு இடம் பழக, உடம்புக்குக் கை பழக. இதை விட்டுவிட்டு நேரே ஆழத்துக்குப் போகிறவர்களை நான் நம்புவதில்லை.

பிறகு முன்கை. முழங்கைக் கூரைச் சொல்லவில்லை, அதற்குக் கீழுள்ள சதைப்பகுதியைச் சொல்கிறேன். இடுப்பெலும்பு விளிம்புக்குச் சற்று மேலே வையுங்கள். தோளால் தள்ளாதீர்கள். ஒரு காலை முன்வைத்து உங்கள் உடம்பின் பாரத்தை மெல்லச் சாயவிடுங்கள். தசை முதலில் எதிர்க்கும், பலகைபோல் இருக்கும். அங்கேயே நில்லுங்கள். அவர் மூன்று முறை மூச்சு விடட்டும். மூன்றாவது வெளிமூச்சில் கை சற்றே கீழிறங்குவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் இறக்கவில்லை, தசை இறக்கிவிட்டது. இந்தக் கணத்தை ஒருமுறை உணர்ந்தவருக்கு அதன்பின் பலம் பாவிக்க மனம் வராது. அந்த ஆழத்தை விடாமல் மேல்நோக்கி நகருங்கள், மிக மெதுவாக. நாரியிலிருந்து தோட்பட்டை எலும்பின் கீழ்முனைவரை ஒருமுறை போக ஒரு நிமிடம் ஆக வேண்டும். கடைசி விலா எலும்புகள் வரும் இடத்தில் பாரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அங்கே உள்ளே சிறுநீரகம் இருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு மூன்று முறை. அதற்குள் எங்கே கூடுதலாகக் கட்டிப்பட்டிருக்கிறது என்று கை சொல்லிவிடும். அந்த இடத்தில் விரல்மொழியை வைத்து, வெளிமூச்சோடு அழுத்தி, 30 முதல் 60 விநாடிவரை அசையாமல் பிடியுங்கள். “ஓம், அதுதான் இடம்” என்பார். பத்துக்கு எத்தனை நோகிறது என்று கேளுங்கள். ஐந்து, அதிகம் போனால் ஆறு. ஏழென்றால் பாரத்தை எடுங்கள். வாய் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கால்விரல் சுருளுகிறதா, கை பாயைப் பற்றுகிறதா, மூச்சு நின்றுபோகிறதா என்று பாருங்கள். மூச்சு நின்றால் உங்கள் கை எல்லை கடந்துவிட்டது. அவர் இன்னும் “அமத்துங்கோ” என்றாலும் தளர்த்துங்கள். “ஐயா, நீங்கள் பொறுக்கிறியள், உங்கட தசை பொறுக்கேல்லை” என்று நான் சொல்வதுண்டு, பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

பெருவிரலை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சில வருடங்களில் அந்த மூட்டு தேய்ந்து, உருவியவரே உருவப் படுக்க வேண்டி வரும்.

நாரி நோவென்று வருகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி நாரியே இல்லை, குண்டித் தசை. மோட்டார் சைக்கிளிலும் கதிரையிலும் இருந்து இருந்து, அல்லது லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் நடந்து நடந்து இறுகியது. இங்கே தசை தடிப்பு, ஆகவே முழங்கையைப் பாவிக்கலாம், ஆனால் இடம் பார்த்து. இருக்கும்போது தரையில் படும் எலும்புக்கும் இடுப்பின் பக்கத்தில் துருத்தும் எலும்புக்கும் நடுவால் காலின் பெரிய நரம்பு போகிறது. அந்தப் பள்ளத்தில் கூராக அமத்தினால் காலுக்குள் சுள்ளென்று இறங்கும். இறங்கினால் உடனே இரண்டு விரல் மேலே, இடுப்பெலும்பு விளிம்பை நோக்கி நகருங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

பிடரிக்கும் தோளுக்கும் ஒரு வரி: இருக்க வைத்து, தோளின் மேற்சதையை நான்கு விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே பிடித்துத் தூக்கி நிறுத்துங்கள், கழுத்தின் முன்புறத்தையும் பக்கங்களையும் தொடவே வேண்டாம், கழுத்தைத் திருகிச் சத்தம் எழுப்ப வேண்டாம். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் நொந்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து சுவாசப்பைக்குப் போகும் ஆபத்து உண்டு, நேரே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின் போன்ற மருந்து எடுப்பவர், எலும்பு தேய்ந்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்த அத்தியாயத்தின் முறை பொருந்தாது.

“உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?”

வேறு ஊர்களில் எழுதிய உருவல் நூல்களில் இந்தக் கேள்வி இராது. நமக்கு இது முதற்கேள்வி. போர் 2009இல் முடிந்தது. ஷெல் துண்டும் சன்னமும் பலரின் உடம்பில் இன்னும் கிடக்கின்றன. எடுத்தால் ஆபத்து கூட என்று வைத்தியர்கள் விட்டவை, எடுக்க வசதியில்லாத காலத்தில் தோல் மூடியவை, உள்ளே இருப்பதே தெரியாதவை. சிறு இரும்புத்துண்டைச் சுற்றி உடம்பு தழும்பால் ஓர் உறை கட்டி வைத்திருக்கும். அதன்மேல் ஆழ அமத்தினால் கூர்முனை பக்கத்து நரம்பையோ இரத்தக் குழாயையோ கீறலாம். கையில் தட்டுப்படும் கட்டியான ஓர் இடத்தைத் தசை இறுக்கமென்று எண்ணி ஒரு நிமிடம் அமத்திப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கேளுங்கள், பழைய தழும்புகளைக் காட்டச் சொல்லுங்கள், எக்ஸ்ரே இருந்தால் பாருங்கள். துண்டு இருக்கும் இடத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஆழ உருவல் இல்லை. தழும்பு மரத்திருந்தால் சுடு ஒத்தணமும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தால் உள்ளே உலோகம் இருப்பதை அங்கே முதலே சொல்ல வேண்டும் என்றும் நினைவூட்டுங்கள். அந்தக் காந்தம் உள்ளிருக்கும் இரும்பை இழுக்கக் கூடியது.

கால் இழந்தவருக்கு நாரியும் மற்றக் காலின் இடுப்பும் இரட்டைப் பாரம் சுமக்கின்றன. உருவினால் ஆறுதல் கிடைக்கும், ஆனால் செயற்கைக் காலின் உயரமும் குழியும் சரியில்லாவிட்டால் நோ அடுத்த நாளே திரும்பும். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் மாற்றுவலுவுள்ளோர் புனர்வாழ்வு நிலையத்தில் முதலில் காலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், உருவலை அதன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

காயமே இல்லாத உடம்பும் போரைச் சுமக்கிறது. ‘மனவடு’ நூலை எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பதிந்த ஒன்று, மனம் பட்ட அடி தலையிடியாக, உளைவாக, உடம்பு நோவாக வந்து நிற்பது. அந்த நோ பொய்யல்ல. தசை உண்மையாகவே இறுகியிருக்கும். தடுப்பில் இருந்தவரைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்னாலிருந்து பிடரியில் கை வைப்பது என்னவாக அவருக்கு உணரப்படும் என்று ஒரு கணம் யோசியுங்கள். பக்கவாட்டில் படுக்கலாம், இருந்துகொண்டே செய்யலாம் என்று தெரிவைக் கொடுங்கள். “இப்ப வலது பக்க நாரியில கை வைக்கப் போறன், சரியோ?” என்று ஒவ்வோர் இடத்துக்கும் கேளுங்கள். வேண்டாமென்றால் காரணம் கேட்காதீர்கள். கதவைச் சாத்துவதா திறப்பதா என்பதை அவர் சொல்லட்டும். பெண்களுக்குப் பெண்ணே உருவ வேண்டும், அல்லது அவர் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

எழும்பிய பிறகு

மொத்தம் அரை மணி நேரம், கிழமைக்கு இரண்டு தரம், இடையில் குறைந்தது இரண்டு நாள். அடுத்த நாள் மெல்லிய நோ இருந்தால் பரவாயில்லை, இரண்டு நாளுக்கு மேல் நின்றால் நீங்கள் கூட அமத்திவிட்டீர்கள்.

எழும்பியதும் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். பிறகு மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுப்பது பத்து முறை. முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றி, குண்டியைத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது பத்து முறை. இந்த இரண்டும் தினமும், உருவாத நாளிலும். தனியாக இருப்பவர் ரெனிஸ் பந்தொன்றை மேசுக்குள் போட்டுத் தோளுக்குமேல் தொங்கவிட்டு, சுவரோடு சாய்ந்து முதுகுத் தசையில் உருட்டலாம். எலும்பில் படாமல், மேலே சொன்ன அதே ஐந்தாம் ஆறாம் அளவில்.

வேலையை மாற்றாமல் நாரி மாறாது. நடுகைக்குக் குந்தியிருக்கச் சிறு பலகை, அரை மணிக்கொரு தரம் எழும்பிப் பின்னால் வளைந்து ஐந்து மூச்சு, பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முடித்துத்தான் எழும்புவது என்ற பிடிவாதத்தை விடுவது. கடகத்தைத் தூக்கும்போது நாரியால் குனியாமல் முழங்காலை மடித்து, கடகத்தை வயிற்றோடு சேர்த்து எழும்புவது. நிரம்பிய கடகம் ஒன்றைவிடப் பாதிக் கடகம் இரண்டு நல்லது. கூலிக்குப் போகிறவருக்கு இதெல்லாம் தன் விருப்பப்படி செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். தோட்டச் சொந்தக்காரர் இந்தப் பக்கத்தை வாசித்தால், அரை மணிக்கொரு ஐந்து மூச்சுக்குக் கூலியில் கைவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உருவிய திகதி, பத்துக்கு எத்தனை நோ, இரவு எத்தனை மணிக்கு நித்திரை முறிந்தது, எவ்வளவு நேரம் குனிய முடிந்தது. ஆறு கிழமையில் குனியும் நேரம் கூடியிருந்தால் கிழமைக்கு ஒரு தரமாகக் குறைத்து, மெல்ல நிறுத்தலாம். கூடாவிட்டால் இன்னும் பலமான கையைத் தேடி அலைய வேண்டாம். போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேளுங்கள், அல்லது கைதடிச் சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்வியும் கைதடியில்தான் நடக்கிறது. தனியாரிடம் போவதென்றால், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் பதிந்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கே போனாலும் கொப்பி, பழைய எக்ஸ்ரே, குடிக்கிற மருந்துகளின் அட்டைகள் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.